இடியம் அகராதியா, காதால் கேட்பதா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு: இடியம்களை, அதாவது சொல்லுக்குச் சொல் பொருள் தராத மரபுத்தொடர்களை, அகராதி வாங்கிப் படிப்பதா, காதால் கேட்டுப் பழகுவதா?

செலவு: அகராதியை ஒருமுறை வாங்கினால் தங்கச்சிக்கும் உதவும். இணையத்தில் கேட்கும் பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் பாடங்கள் இலவசம், ஆனால் டேட்டா போகும்.

பொருள்: 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் ரகசியத்தை உளறிவிடுவது. அகராதி உடனே சொல்லிவிடும்.

வட்டார வழக்கு: இதில் கேட்பதுதான் மேல், சந்தேகமே வேண்டாம். ஸ்கொட்லாந்துக்காரர் சிறியதை 'வீ' என்பார், ஆமாம் என்பதற்கு 'ஐ' என்பார். சொல்லைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், வேகமாகப் பேசும்போது காது தடுமாறும். தினமும் கொஞ்சம் கேட்டால் அந்த ஓசை பழகிவிடும்.

உயர்தரப் பரீட்சையில் பொது ஆங்கிலம் எழுதுபவர் அகராதியையே வாங்கலாம். நுவரெலியாவில் ஹோட்டல் வேலைக்கோ வழிகாட்டியாகவோ போகிறவர், சரி, இன்றைக்கே கேட்கத் தொடங்குங்கள்.