ஊசிக்கு 18,000 ரூபாய், ஒட்டுக்கு 12 வாரம்

இந்தத் தடவை மும்பையில் மூன்று வாரம் இருந்தேன். மனதில் நிற்பது ஒரு பில்லிங் கவுண்டர்தான்.

கிரிக்கெட் ஆடப்போன அண்ணன் மகனுக்கு முழங்கால் திருகி, உள்ளே தொடை எலும்பையும் கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் ஏ.சி.எல். லிகமென்ட் அறுந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. கேட்ட அன்றே எடுத்துவிட்டார்கள். டொராண்டோவில் என் தோள்பட்டைக்கு நான்கு மாதம் காத்திருந்தவன் நான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். ரூம், தியேட்டர், மயக்க மருந்து, ஸ்க்ரூ, அப்புறம் கடைசி வரியில் ‘குரோத் ஃபேக்டர் - 18,000’.

“இது என்ன அண்ணி?”

“தெரியலியே தம்பி. சீக்கிரம் ஒட்டிக்கிடும்னு சொன்னாங்க. இன்சூரன்ஸ்ல வராதாம்.”

டோக்கன் எடுத்து நின்றேன். கவுண்டரில் “டாக்டரைக் கேளுங்க” என்றார்கள். டாக்டர் தியேட்டரில். நர்ஸிடம் போனால் “பேக்கேஜ் டெஸ்க்ல கேளுங்க.” பேக்கேஜ் டெஸ்கில் இருந்தவர் தாளைப் பார்க்காமலே “எல்லாரும் போட்டுக்கறாங்க சார்” என்று சொல்லி மறுபடி கவுண்டருக்கே அனுப்பினார். இரண்டரை மணி நேரம் இப்படியே போனது. கனடாவில் காக்க வைத்தே கொல்வார்கள். ஆனால் கையெழுத்து கேட்கும் முன் உட்காரவைத்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள். இங்கே விடிந்தால் ஆபரேஷன், ஒரு வரிக்கு அர்த்தம் சொல்ல ஆளில்லை. தாராவி தொண்ணூறடி ரோட்டில் நாங்கள் வளர்ந்தபோது எங்கள் தெரு டாக்டர் ஐந்து ரூபாய் ஊசிக்கும் காரணம் சொல்லித்தான் போடுவார்.

கடைசியில் வராந்தாவில் ஒரு மராத்திப் பெண், ஜூனியர் டாக்டர், என்னைப் பார்த்து நின்றார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எஸ்டிமேட்டைத் திருப்பிப்போட்டு, பேனாவால் இரண்டு எலும்பு வரைந்தார். அறுந்த லிகமென்ட்டுக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் நாரை எடுத்து, தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் துளை போட்டு, அதற்குள் கோத்து இறுக்குவார்கள். பிறவியில் தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் நடுவே குருத்தெலும்பு அடுக்குகள் உண்டு. தசைநாண் பக்கத்திலிருந்து எலும்புப் பக்கம் போகப்போக அவை கெட்டியாகிக்கொண்டே போகும். அந்த அமைப்பு மறுபடி அப்படியே உருவாவதில்லை, தழும்புத் திசுதான் நடுவில் வளரும். முதல் வாரங்களில் பிடித்துவைத்திருப்பது ஸ்க்ரூ மட்டும்தான்.

எனக்கு உடனே ஊரில் தாத்தா கட்டும் ஒட்டு மாங்கன்று ஞாபகம் வந்தது. ஒட்டு கூடும்வரை கட்டை அவிழ்க்க விடமாட்டார். அதை இந்தியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். “அதேதான்” என்றார் அவர்.

அந்த ‘குரோத் ஃபேக்டர்’ ஊசி? பையனின் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுழற்றித் தட்டணுக்களைத் திரட்டிப் போடுவது, பி.ஆர்.பி. தட்டணுக்கள் வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகள் திசுவைத் தூண்டும். “பெரிய கெடுதல் வராது. ஆனா ஒருநாள் முன்னாடி ஓடுவான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. 12 வாரம் பத்திரமா பார்த்துக்கங்க, அதுதான் முக்கியம்.”

அந்த 12 வாரக் கணக்கை அதுவரை எங்கள் வீட்டில் ஒருவரிடமும் யாரும் சொல்லவில்லை. ஆறாவது வாரம் பைக் எடுக்கலாம் என்று இருந்தான் பையன். என்னைச் சுட்டது அந்தப் பதினெட்டாயிரத்தைவிட இதுதான்.

ராத்திரி தூக்கம் வராமல் படித்தேன். எலும்பை வளரத் தூண்டும் பொருள் எலும்புக்குள்ளேயே இருக்கிறது என்று மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு டாக்டர் 1965-லேயே காட்டியிருக்கிறார். அந்த வகையில் ஒன்றான பி.எம்.பி.-2 நாய்களில் தசைநாணை எலும்போடு வேகமாகச் சேர்த்திருக்கிறது. ரத்தக்குழாய்களை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். கொடுத்த ஆடுகளிலோ மூட்டு தளர்ந்துவிட்டது. 1993-ல் வந்த ஆய்வு ஒன்றில், 8 வாரம்வரை இழுத்தால் தசைநாண் துளையிலிருந்தே உருவிக்கொண்டு வந்தது. 12-ல் எலும்பு விடவில்லை. அதுவும் நாய்களில்தான் என்றாலும், அந்த டாக்டர் சொன்ன கணக்கு எனக்குப் புரிந்தது.

காலையில் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். புதுத் தாள் அச்சடிக்க இன்னும் நாற்பது நிமிஷம். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

நேற்று வீடியோ காலில் அண்ணி சுவர்க் காலண்டரைக் காட்டினார். 12-ஆம் வாரம் சிவப்பு மையில் சுழித்திருக்கிறது. இப்போது ஒன்பதாவது வாரம். பைக் சாவி அவர் முந்தானையில்தான் முடிந்திருக்கிறது.