உள்ளூர்ச் சஞ்சிகை பிரான்சைஸ்: எடுத்து நடத்துபவனின் கணக்கு

கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், மாவட்டத்துக்கு ஒருவர் என்ற முறையில், தன் பெயரில் இலவச மாதச் சஞ்சிகை நடத்தும் உரிமத்தை, அதாவது பிரான்சைஸை, விற்கிறது. மட்டக்களப்பு என்னிடம் இருக்கிறது. இப்போது கல்முனையிலிருந்து பொத்துவில் வரையான அம்பாறைக் கரையோரத்துக்கு ஆள் தேடுகிறார்கள். அந்த அறிவிப்பு வெளியானதிலிருந்து என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. சாய்ந்தமருதிலிருந்து ஒருவர், அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், திருக்கோவிலில் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தங்கை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எடுக்கலாமா, வேண்டாமா? நிறுவனத்தின் பெயரைப் பொதுவெளியில் எழுத ஒப்பந்தம் இடம் தரவில்லை. அறிவிப்பைப் பார்த்தவர்களுக்கு அது தேவையும் இல்லை. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அதில் ஒன்று என் மகளுக்காகக் கொடுத்தது.

நான் இதற்கு முன் மருந்துக் கம்பனி ஒன்றின் பிரதிநிதி. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை மோட்டார் சைக்கிளில் சுற்ற வேண்டும். வைத்தியரின் அறை வாசலில் கடைசி நோயாளி வெளியேறும் வரை பையோடு நின்று, இரண்டு நிமிடத்தில் ஒரு மாத்திரையின் புகழைப் பாடிவிட்டு வர வேண்டும். மாதத்தில் சில இரவுகள் திருகோணமலையில் தங்க வேண்டும். மனைவி இருந்தவரை அது ஒரு பாரமாகத் தெரியவில்லை. அவள் காலமான பின், தரம் நான்கில் படிக்கும் மகளை மாமியிடம் விட்டுவிட்டு வெளியூர் விடுதியில் படுத்திருப்பது எனக்குச் சரிவரவில்லை. கம்பனி பகுதியை மாற்றித் தரவில்லை. சேமிப்போடு, தாலிக்கொடி தவிர்ந்த நகைகளை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து 400,000 ரூபாய் நுழைவுக் கட்டணம் கட்டினேன்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? ஒரு பெயர், ஒரு சின்னம், பக்க வடிவமைப்பு, விளம்பர ஒப்பந்தப் படிவங்கள், கொழும்பில் மூன்று நாள் பயிற்சி. பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் அந்தப் பெயருக்கு மதிப்பு இருக்கலாம். மட்டக்களப்புப் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. "தம்பி, இது எந்தக் கட்சியின் பத்திரிகை?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பெயருக்காகப் பணம் கட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான பெறுமதி அச்சில் இருக்கிறது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. இரண்டு தேசியப் பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. அந்த அனுபவத்துக்குப் பின் நிறுவனம் கடதாசியை மொத்தமாக வாங்கி இருப்பில் வைக்கிறது. அச்சு விலையை ஆண்டுக்கு ஒரு தடவைதான் மாற்றுகிறது. நான் தனியாக ஒரு சஞ்சிகை தொடங்கியிருந்தால், ஒவ்வொரு மாதமும் அச்சகத்தின் புது விலைக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

இனிக் கணக்கு. ஏ5 அளவில் 32 பக்கங்கள், 3,000 பிரதிகள். அச்சுக்கு 180,000 ரூபாய். மாத உரிமக் கட்டணம் 35,000. வீடு வீடாகவும் கடை கடையாகவும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஏறத்தாழ 15,000. ஆக 230,000. எல்லாம் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியும் சேர்ந்த தொகைதான். 2024 சனவரியில் அது 18 சதவீதமானது. வற் பதிவு இல்லாத என்னைப் போன்ற சிறியவர்களால் அதை எங்கிருந்தும் மீளப் பெற முடியாது. பெற முடியும் என்பதுபோலப் பேசும் விற்பனை அதிகாரியை நம்ப வேண்டாம்.

32 பக்கங்களில் 12 பக்கங்களைத் தலைமையகம் நிரப்பி அனுப்பும். எனக்கு 20. பயிற்சியில் அவர்கள் காட்டிய கணக்கு, முழுப்பக்க விளம்பரம் ஒன்றுக்கு 15,000 ரூபாய். அப்படியானால் 16 பக்கங்கள் விற்ற பிறகுதான் என் கைக்கு முதல் ரூபாய் வரும். இந்த மாவட்டத்தில் மாதாமாதம் 15,000 கொடுத்து முழுப்பக்கம் போடக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களிலும் பாதிப்பேர் பேஸ்புக்கில் சும்மா போட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் தையல் கடை, கண்ணாடிக் கடை, கேட்டரிங் செய்கிறவர், மணவறை வாடகைக்குக் கொடுப்பவர், தனியார் வகுப்பு ஆசிரியர் ஆகியோர் 5,000 ரூபாய்க்குக் கால் பக்கம் என்றால் யோசிக்காமல் தருவார்கள். நான்கு கால் பக்கங்கள் சேர்ந்தால் ஒரு பக்கத்துக்கு 20,000. பன்னிரண்டு பக்கங்களில் செலவு கழிந்துவிடுகிறது. மிச்சத்தில் நான்கு பக்கங்களை ஊர்ச் செய்திக்கு ஒதுக்க முடிகிறது. பெரிய விளம்பரதாரரைத் துரத்துங்கள் என்று பயிற்சியில் ஓயாமல் சொன்னார்கள். அந்த அறிவுரை பணக்காரர் வாழும் கொழும்பு ஏழுக்குப் பொருந்தும். வைத்தியசாலையில் பெரிய வைத்தியரை மட்டும் பார்த்துவிட்டு, மருந்துக் களஞ்சியத்தில் இருப்பவரைப் பார்க்காமல் வரும் பிரதிநிதி நிலைக்க மாட்டான் என்பது என் பழைய தொழிலிலேயே எனக்குத் தெரியும்.

பழைய தொழில் என்றதும் ஒன்று. நேர்முகத்தில் என்னைத் தெரிவு செய்ததற்கு முக்கிய காரணம், எனக்கு மாவட்டத்து வைத்தியர்கள் எல்லோரையும் தெரியும் என்பதுதான். ஆனால் வைத்தியர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளத் தொழில் ஒழுக்க விதி தடை. மருந்தை விளம்பரப்படுத்துவதானால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். என் தொலைபேசியில் இருந்த இலக்கங்களில் மிகக் கனமானவை சஞ்சிகைக்கு ஒரு சதமும் தராதவை. பாமசிக்காரர்கள்தான் கைகொடுத்தார்கள்.

தலைமையகம் நிரப்பும் அந்த 12 பக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் கச்சான் காற்று முகத்தைப் பொசுக்கிக்கொண்டிருக்கையில், குளிர்காலத்தில் சருமத்தைப் பாதுகாக்கும் வழிகள் என்று இரண்டு பக்கம் வந்தது. ஏறாவூரில் ஒரு புடவைக் கடைக்கார நானா அதைப் படித்துவிட்டு, "ஐஸ் பெட்டிக்குள் இருந்து எழுதியிருக்கிறார்கள் போல" என்றார். எழுத்துருவிலும் ஒரு காலம் தலைவலிதான். இங்கே பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தருகிறார்கள். தலைமையகத்தின் வடிவமைப்போ யுனிகோட். அதிலும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டதால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. மணமக்களை வாழ்த்தும் விளம்பரத்தில் இப்படி நடந்தால் எப்படி இருக்கும்! ஒரு தடவை காட்டியதும் திருத்திவிட்டார்கள், அதை மறுக்கவில்லை. இருந்தாலும் அச்சுக்குப் போகும் முன் கடைசிப் பார்வை நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

எனக்கும் அவர்களுக்கும் உண்மையான இழுபறி இரண்டு விடயங்களில். ஒன்று நினைவஞ்சலி. இது வாழ்க்கைமுறைச் சஞ்சிகை, மரண அறிவித்தல் போடக்கூடாது என்பது அவர்களின் விதி. எங்கள் பகுதியில் 31ஆம் நாள் நினைவு, ஓராண்டு நினைவு ஆகியவற்றுக்குப் படத்தோடு அறிவித்தல் போடாத குடும்பம் குறைவு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பி, பெரிய படமாகப் போடச் சொல்கிறார்கள். அம்மாவின் படத்துக்கு விலை பேசுகிறவர் இல்லை. பணமும் முன்கூட்டியே வந்துவிடும். கடைக்காரர்களிடம் ஒரு காசோலை வாங்குவதற்குள் எத்தனை தேநீர் குடிக்க வேண்டும் என்பது நடத்துகிறவனுக்குத்தான் தெரியும். நான் விடாமல் எழுதினேன். கடைசியில், உள் பக்கங்களில் மட்டும், கறுப்புக் கரை இல்லாமல் போடலாம் என்று இறங்கி வந்தார்கள். கறுப்புக் கரை இல்லாத நினைவஞ்சலியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குடும்பங்கள் ஏற்றுக்கொண்டன.

இரண்டாவது, அட்டைப்படம். சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம்தான் எல்லா மாவட்டத்துக்கும். யூலை இதழுக்குக் கல்லடி உப்போடையில் உள்ள விபுலானந்த அடிகளின் சமாதியைப் போடக் கேட்டேன். 1947 யூலையில் மறைந்தவர். காரைதீவில் பிறந்து, இமயத்து மாயாவதியில் இருந்துகொண்டு ஆங்கிலச் சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தவர். சஞ்சிகை நடத்துகிற எங்கள் மண்ணின் ஆளுக்கு அவரைவிட வேறு யார்? விளம்பரதாரர் யார் என்று கேட்டார்கள். சமாதிக்கு விளம்பரதாரர் இல்லை. அந்த மாதமும் குடும்பம் சிரித்தது. நான் அடிகளை என் நான்கு பக்கங்களில் ஒன்றில் போட்டேன். பாடசாலைகளிலிருந்து கூடுதல் பிரதி கேட்டு வந்தது அந்த இதழுக்கு மட்டும்தான்.

பின்னட்டையின் உட்பக்கத்தில் பஸ், ரயில் நேரங்களைப் போட்டதும் என் வேலைதான். விற்கக்கூடிய பக்கத்தை வீணாக்குவதாகச் சொன்னார்கள். அந்தப் பக்கத்துக்காகவே சஞ்சிகையைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கும் கடைகளைப் படம்பிடித்து அனுப்பிய பிறகு அடங்கினார்கள்.

எல்லைப் பிரிப்பிலும் வரைபடத்தைப் பார்த்தே கோடு போட்டிருக்கிறார்கள். கொழும்பில் இருந்து பார்த்தால் களுவாஞ்சிகுடியும் மண்டூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவே வாவி கிடக்கிறது. குருமன்வெளித் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து, மோட்டார் சைக்கிளோடு பிரதிக் கட்டுகளையும் ஏற்றி அக்கரை போய்த் திரும்பினால் ஒரு பகல் போய்விடும். அந்தப் பகலில் கிடைக்கும் விளம்பரம் எரிபொருளுக்குக் காணாது. போகாவிட்டாலோ, மாவட்டம் முழுவதும் விநியோகம் என்ற நிபந்தனையை மீறியதாகிவிடும்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு. விலகினால் இரண்டு ஆண்டுகளுக்கு இந்த மாவட்டத்தில் வேறு சஞ்சிகை நடத்தக்கூடாது. விளம்பரதாரர் பட்டியல் அவர்களுக்குச் சொந்தம். அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்பவர், 23 தலைப்புகளில் தன் விபரங்களை எழுதிய ஆவணத்தைக் கையொப்பத்துக்கு 14 நாட்கள் முன்பே கொடுத்தாக வேண்டும். இலங்கையில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. எழுதிய ஒப்பந்தம்தான் எல்லாம். ஆகவே சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முந்தைய உரிமையாளர் யாராவது விலகியிருக்கிறாரா, ஏன் விலகினார் என்று நேராகக் கேளுங்கள்.

இனி அந்த ஒரு மதிப்பெண். விளம்பரப் பிரசுரத்தில் "பிள்ளைகளோடு இருந்தபடியே தொழில்" என்று போட்டிருந்தார்கள். பாதி உண்மை. கடைக்காரர்கள் நிதானமாகப் பேசுவது காலை பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். பாடசாலை ஒன்றரைக்கு விடும்போது நான் வாசலில் நிற்கிறேன். இரவில் வெளியூரில் தங்குவது அடியோடு நின்றுவிட்டது. மாலையில் புலமைப்பரிசில் வகுப்பு முடியும் வரை வெளியே இருக்கும் வாங்கில் அமர்ந்து தொலைபேசியில் பக்கங்களைத் திருத்துவேன். அந்த ஆசிரியரே இப்போது மாதக் கால்பக்கக்காரர். பிரதிகள் லொறியில் வந்திறங்கும் வாரம் மட்டும் வீடு தலைகீழாகும். மாமிதான் சமாளிக்கிறார். பயிற்சிக்குப் போனபோது மகளை விட இடமில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். முகம் சுளிக்காமல் பின் வரிசையில் அவளுக்கு ஒரு மேசை போட்டு, வர்ணப் பென்சில்களும் கொடுத்தார்கள். எரிச்சல் வரும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

திருக்கோவில் தங்கைக்கு: கையில் தொழில் அனுபவம் இருக்கிறதா என்பதைவிட, உங்கள் கரையோரத்தில் எத்தனை கடைக்காரர்கள் உங்களை இருத்தித் தேநீர் தருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐம்பது பேர் தேறினால் எடுக்கலாம். ஆறு மாத அச்சுச் செலவைத் தனியாக வைத்துக்கொண்டு எடுங்கள். நுழைவுக் கட்டணத்துக்கு மட்டும் பணம் புரட்டி வருகிறவர் மாரியில் அகப்பட்டுக்கொள்வார். பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் ஊரில் பணம் புரளும். நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் காத்தான்குடி, ஓட்டமாவடி விளம்பரங்கள் வரும். சித்திரை வருடம் வரை கவலையில்லை. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்து வயல்பக்கம் வெள்ளம் நின்றால் ஒருவரும் விளம்பரம் பேச மாட்டார். மாதக் கட்டணம் 35,000 அப்போதும் அதேதான். மழை மாதங்களில் அதைப் பாதியாக்கும்படி தலைமையகத்துக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அம்பாறைக்கு யார் எடுத்தாலும், கையொப்பமிடுவதற்கு முன் அதே கோரிக்கையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாவட்டங்களிலிருந்து போகட்டும்.