எழுத்து முடிந்த பிள்ளையை ‘மணமாகாதவர்’ என்று காட்டிய ஏஜென்சிக்காரர்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்தவர்களும் கொடுக்கப் போகிறவர்களும் இதை ஒருதரம் வாசியுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது.

2023 பெப்ரவரியில் களுவாஞ்சிகுடியில் என் தங்கச்சிக்கு எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, நடந்தது. மச்சான் ரொறன்ரோவில் லொறி ஓட்டுகிறார், கனடாக் குடியுரிமை உள்ளவர். மூன்று கிழமை லீவில் வந்து எழுத்தை முடித்துவிட்டுப் போனார். தாலி கட்டுவதை அடுத்த முறை வரும்போது வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டோம். இந்த இடைவெளிதான் பிறகு எங்களுக்கு வினையாகிப் போனது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, மட்டக்களப்பு டவுனில் உள்ள ஏஜென்சி ஒன்றுக்குப் போனோம். சுவரில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தே நம்பிவிட்டோம். ஆளை வேலைக்கு அனுப்பத்தான் அந்த அனுமதி. கனடாக் குடிவரவு விண்ணப்பத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

“சிட்டிசனைக் கட்டின பிள்ளை, தம்பி. போய் இறங்கினதும் பி.ஆர்., ஆறு மாதத்தில சிட்டிசன்” என்றார் ஏஜென்சிக்காரர். பி.ஆர். என்றால் அங்கே நிரந்தரமாக வாழும் உரிமை. மொத்தம் ஒன்பது இலட்சம் கேட்டார், அதில் இரண்டு இலட்சம் ‘சிட்டிசன் பைலுக்கு’. தங்கச்சிக்குச் சீதனமாக எழுதிய வளவின் உறுதியை ஈடு வைத்துக் கொடுத்தோம்.

ஸ்பொன்சர் அலுவல், அதாவது மச்சான் பொறுப்பேற்று மனைவியைப் பி.ஆரில் கூப்பிடுவது, முடிய நாள் எடுக்கும், அதுவரைக்கும் விசிட் விசாவில் போய்ப் புருஷனோடு இருக்கட்டும் என்று முதலில் ஒரு விண்ணப்பம் போட்டார். ஐந்து கிழமையில் மறுத்துவிட்டார்கள். “முதல்தரம் எல்லாருக்கும் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, செப்டெம்பரில் ஸ்பொன்சர் விண்ணப்பத்தையும் போட்டார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. போன் எடுத்தால் “வரும், வரும்” என்பார்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. அங்கே ஐந்து டாலர் கட்டி, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பைலின் பிரதியைக் கேட்டு எடுத்தார். வாட்ஸ்அப்பில் வந்த பக்கத்தைத் தங்கச்சி விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். பெயர் சரி, பிறந்த திகதி சரி, அம்மாவின் பெயர்கூடச் சரி. விசிட் விசா விண்ணப்பத்தில் திருமண நிலை என்ற இடத்தில் ‘மணமாகாதவர்’ என்று இருந்தது. ஸ்பொன்சர் விண்ணப்பத்தில், இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ‘இல்லை’. கீழே அவளுடைய பெயரில் ஒரு ஒப்பம், அவள் வைக்காத ஒப்பம். ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

இந்த முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்டுக் கனடாக் குடிவரவுக்காரர் கடிதமும் அனுப்பியிருக்கிறார்கள். அது போனது ஏஜென்சிக்காரர் தானே உருவாக்கி, தானே கடவுச்சொல்லை வைத்திருந்த ஈமெயிலுக்கு. நாங்கள் அறியும்போது பதில் அனுப்பும் தவணை முடியப் பதினொரு நாள்தான் இருந்தது.

நேரில் போய்க் கேட்டேன். “தாலி கட்டவில்லைத்தானே, எழுத்து மட்டும்தானே” என்றார். எழுத்து முடிந்தால் சட்டப்படி கல்யாணம் முடிந்தது. கனடாக்காரர் பார்ப்பதும் பதிவுச் சான்றிதழில் உள்ள திகதியைத்தான். பொய்த் தகவல் கொடுத்ததாக அவர்கள் முடிவெடுத்தால் ஐந்து வருடத் தடை, அந்தக் காலத்தில் பி.ஆருக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. அந்தத் தடை விழுவது தங்கச்சியின் தலையில். பைலில் ஏஜென்சிக்காரரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் செய்பவர் கனடாவில் அனுமதி பெற்ற சட்டத்தரணியாகவோ குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும். பிரதிநிதி என்று தன் பெயரையும் அறிவிக்க வேண்டும்.

காசைத் திருப்பிக் கேட்டதும் வெருட்டத் தொடங்கினார். இரண்டு வருடத்துக்குள் புருஷன் கைவிட்டால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம், அப்போது தன்னிடம்தான் வர வேண்டுமாம். அப்படி ஒரு நிபந்தனை 2012இல் வந்தது உண்மை. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். கல்யாணம் முறிந்தாலும் மூன்று வருடத்துக்கு மனைவியின் அடிப்படைச் செலவுக்கு ஸ்பொன்சர் செய்தவர்தான் பொறுப்பு.

அப்புறம் அந்த ‘சிட்டிசன் பைல்’. அப்படி ஒன்று இல்லவே இல்லை. கனடாக் குடிமகனைக் கட்டினால் குடியுரிமை வராது, பி.ஆருக்கு ஸ்பொன்சர் செய்யப்படும் தகுதிதான் வரும். அதைப் பி.ஆர். உள்ள மாப்பிள்ளையும் செய்யலாம். பி.ஆர். கிடைத்த பிறகு, விண்ணப்பிக்கிற நாளுக்கு முந்திய ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரை என்றால் மொழித் தகுதியும் காட்டி, குடியுரிமைப் பரீட்சையும் எழுத வேண்டும். குடிமகனின் மனைவி என்று ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டார்கள். சுவிஸிலும் அப்படித்தான் நாள் எண்ணுகிறார்கள்: சுவிஸ் குடிமகனைக் கட்டியவர் இலகு முறையில் கேட்கவே ஐந்து வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், கல்யாணமாகி மூன்று வருடம் சேர்ந்து இருந்திருக்கவும் வேண்டும். ஆறு மாதம் என்று யார் சொன்னாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

மச்சான் அங்கே அனுமதி பெற்ற சட்டத்தரணி ஒருவரைப் பிடித்துத் தவணையை நீடித்து எடுத்தார். எழுத்துச் சான்றிதழ், ஏஜென்சிக்குக் கட்டிய பற்றுச்சீட்டுகள், தங்கச்சியின் உண்மையான ஒப்பம் உள்ள கடவுச்சீட்டு, நடந்ததை ஒளிக்காமல் எழுதிய சத்தியக் கடதாசி எல்லாம் அனுப்பியாயிற்று. பொலிஸிலும் முறைப்பாடு போட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வளவு இன்னும் ஈட்டில்தான் இருக்கிறது.

உங்கள் பிள்ளையின் பைல் இப்போது யாரிடமாவது இருந்தால், நாளைக் காலையிலேயே போய் மூன்றைக் கேளுங்கள்: விண்ணப்பம் போட்ட ஈமெயிலின் கடவுச்சொல், அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தின் பிரதி, அதில் பிரதிநிதி என்று யாருடைய பெயர் இருக்கிறது என்பது. தர மறுத்தால் மாப்பிள்ளையிடம் சொல்லி அங்கிருந்து பைலின் பிரதியை எடுக்கச் சொல்லுங்கள்.