கிளீவ்லேண்டா, பிளெய்னா: எந்தக் கறையைப் பெரிதாகப் பார்ப்பது?

வேட்பாளரின் பழைய நடத்தையை எப்படி எடைபோடுவது என்ற பேச்சு எழும்போது அமெரிக்காவில் 1884 அதிபர் தேர்தலை உதாரணம் காட்டுவார்கள். அந்த முறை இரு பக்கமும் கறை இருந்தது.

ஜனநாயகக் கட்சி வேட்பாளர் குரோவர் கிளீவ்லேண்ட், மணமாகாமலே ஒரு குழந்தைக்குத் தகப்பனானவர் என்று அந்த ஜூலையில் பஃபலோ நகரப் பத்திரிகை ஒன்று எழுதியது. குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் பிளெய்ன் நல்ல குடும்பஸ்தர். ஆனால் பிரதிநிதிகள் சபையின் தலைவராக இருந்தபோது ஒரு ரயில்வே கம்பெனிக்கு உதவிவிட்டு, அதன் பத்திரங்களை விற்றுக் காசு பார்த்தார் என்பது புகார். அவர் கைப்பட எழுதிய கடிதங்களே வெளியே வந்தன. ஒன்றில், ‘இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள்’ என்று எழுதியிருந்தார்.

பிளெய்னைப் பிடிக்காமல் கட்சி மாறி நின்ற சீர்திருத்தக்காரர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். கிளீவ்லேண்ட் பொது வாழ்க்கையில் நேர்மையானவர், அவரைப் பதவிக்கு அனுப்புவோம். பிளெய்ன் வீட்டில் நல்லவர், அவரை வீட்டுக்கே அனுப்புவோம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பஃபலோ மேயராக இருந்தபோது, குறைந்த ஏலத்தைவிட ஒரு லட்சம் டாலருக்கு மேல் அதிகம் கேட்டவருக்குப் போகவிருந்த தெருக் கூட்டும் ஒப்பந்தத்தை வெளிப்படையாகச் சாடித் தடுத்தவர் கிளீவ்லேண்ட். கஜானாவைக் காப்பதுதான் வேலை என்றால் அவர்தான் ஆள்.

எதிர்த் தரப்பு, ஒழுக்கத்தைக் கூறுபோட முடியாது, வீட்டில் தவறியவன் நாட்டிலும் தவறுவான் என்றது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இந்த அளவுகோல் எல்லாத் தவறையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. 1987 மே மாதம், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற கேரி ஹார்ட் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது மணவாழ்க்கைக்கு வெளியே ஒரு பெண்ணோடு பழகினார் என்ற செய்தியால். இருவரும் வயது வந்தவர்கள், அந்தப் பெண் எந்தப் புகாரும் சொல்லவில்லை. அது அவருக்கும் மனைவிக்கும் இடையிலான விவகாரம். அதற்காக ஒருவரைப் போட்டியை விட்டே துரத்தியது அதிகம் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் கிளீவ்லேண்ட் விஷயமும் சொந்த விவகாரம்தானே? இல்லை. இரண்டு தரப்புமே அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. மரியா ஹால்பின் ஒரு விதவை, கடையில் வேலை பார்த்தவர். 1884 அக்டோபரில் அவர் கொடுத்த பிரமாண வாக்குமூலம், கிளீவ்லேண்ட் தன் சம்மதமில்லாமல் பலாத்காரம் செய்தார் என்கிறது. அவர் சொன்ன காலம் 1873 டிசம்பர். அப்போது கிளீவ்லேண்ட் ஈரி மாவட்ட ஷெரிஃப். புகார் கொடுக்கப் போக வேண்டிய இடத்தில் இருந்தவரே அவர்தான். பிறந்த ஆண் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து அநாதை இல்லத்தில் சேர்த்தார்கள். தாயை மனநலக் காப்பகத்தில் அடைத்து, சீக்கிரமே வெளியே விட்டார்கள். ‘எதுவானாலும் உண்மையைச் சொல்லுங்கள்’ என்று கிளீவ்லேண்ட் அடித்த தந்தியை இன்றும் புகழ்கிறார்கள். அவர் ஆட்கள் சொன்ன உண்மையில் இதற்கெல்லாம் இடமில்லை.

ஆகவே நான் கேட்பது வேறு: யாருக்குக் காயம் பட்டது, சம்மதம் இருந்ததா, மறைக்க அதிகாரம் பயன்பட்டதா? இந்த அளவுகோலில் ஹார்ட் தப்புவார், கிளீவ்லேண்ட் தப்பமாட்டார். ‘கோர்ட் சொல்லட்டும்’ என்று ஒதுங்குவதும் சரிவராது. 2017இல் அலபாமா செனட் வேட்பாளர் ராய் மூர், 1979இல் பதினாலு வயதுச் சிறுமியிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்ற குற்றச்சாட்டு வந்தது. அவர் மறுத்தார். அத்தனை வருஷம் கழித்து அது கோர்ட்டுக்குப் போகும் நிலையில் இல்லை. வாக்காளர்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது, தோற்கடித்தார்கள்.

பிளெய்னும் என் ஓட்டைப் பெறமாட்டார், அவர் கடிதங்களே போதும். இரண்டில் ஒன்று என்ற கட்டாயமும் அன்று இல்லை. பெண்களுக்கு ஓட்டே இல்லாத அந்தத் தேர்தலில் பெல்வா லாக்வுட் என்ற பெண் வழக்கறிஞர் நின்றார். மதுவிலக்குக் கட்சிக்காக ஜான் செயின்ட் ஜான் நின்றார். முடிவைத் தீர்மானித்த நியூயார்க்கில் கிளீவ்லேண்ட் ஜெயித்தது ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில். செயின்ட் ஜானுக்கு அங்கே விழுந்தவை சுமார் 25,000.