நாலாவது பக்கம் இன்னும் சலிக்கவில்லை: 'மேட் இன் ஜப்பான்' நெடுநாள் அனுபவம்

பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் கச்சேரிப் பதிவு 'மேட் இன் ஜப்பான்' என்னிடம் நான்கு வடிவங்களில் இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் நண்பனின் அண்ணனிடம் கெஞ்சிப் பதிவு செய்துகொண்ட தொண்ணூறு நிமிடக் கேசட், முதல் சம்பளக் காலத்தில் வாங்கிய குறுந்தகடு, அவென்யூ சாலைப் பக்கம் பழைய பொருள் விற்பவரிடம் பேரம் பேசி எடுத்த இரட்டை இசைத்தட்டு, இப்போது கைபேசியில் மாதச் சந்தாவில் ஓடுவது. புதிதாக வந்த ஆல்பம் என்றால் ஒரு வாரம் கேட்டுவிட்டு எழுதிவிடலாம். இளமையில் தலைக்கேறிய ஒரு கச்சேரிப் பதிவு நரை விழுந்த பிறகும் தாக்குப்பிடிக்கிறதா, அதில் எந்தப் பகுதி தேய்ந்துபோகிறது என்பதைச் சொல்ல ஒரு வாரம் போதாது. பெங்களூரில் அல்சூர், காக்ஸ் டவுன், ஜீவன்பீமா நகர் என்று சிதறிக் கிடக்கும் தமிழ் ராக் ரசிகர்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிறாவது அல்சூரில் ஒரு வீட்டு மாடியில் கூடுவோம். அங்கே எழும் சண்டைகளையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஓசாகாவின் ஃபெஸ்டிவல் ஹாலிலும் 17ஆம் தேதி டோக்கியோவின் புடோகான் அரங்கிலும் இவை பதிவாயின. பாடியவர் இயன் கில்லன், கிடார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பேஸ் கிடார் ரோஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பைஸ். நேரடிப் பதிவு வேண்டும் என்று கேட்டது ஜப்பானிய ரெக்கார்டு நிறுவனம். குழுவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஒத்துக்கொண்டபோதும் தங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச்சைக் கூடவே அழைத்துப்போனார்கள். எட்டுத் தனித் தடங்களில் ஒலியைப் பதியும் எட்டு டிராக் இயந்திரத்தில் விழுந்ததுதான் கணக்கு. ஊர் திரும்பிய பின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து குரலைத் திருத்தவில்லை, கிடாரை மாற்றி வாசிக்கவில்லை. மூன்று இரவுகளிலிருந்து ஏழு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 76 நிமிடம். பிரிட்டனில் 1972 டிசம்பரில் வந்தது, அமெரிக்காவில் 1973 ஏப்ரலில். தங்க நிற அட்டையில் இருக்கும் மேடைப் படம் மட்டும் லண்டனில் எடுத்தது. பெயரில் ஜப்பான், படத்தில் லண்டன்; இந்த ஒரு மோசடியை மன்னித்துவிடலாம்.

இனி சண்டைக்கு வருகிறேன். எங்கள் கூட்டத்தின் மூத்தவர் விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல். நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். அவருக்கு இந்த ஆல்பம் என்றால் 'சைல்ட் இன் டைம்' ஒன்றுதான். கில்லனின் குரல் படிப்படியாக ஏறி உச்சியில் கிறீச்சிடும் இடம் வந்தால் பக்கோடா தட்டைக் கீழே வைத்துவிடுவார். இருபது வயதில் எனக்கும் அந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது. இன்று எறிவதில்லை. எங்கே ஏறும், எங்கே உடையும் என்று உடம்புக்கே தெரிந்துபோய்விட்டது. அதிர்ச்சியை நம்பி நிற்கும் கட்டத்துக்கு ஆயுள் அவ்வளவுதான். அதே பாட்டில் தொடக்கத்து ஆர்கனும் கில்லன் கிட்டத்தட்ட முணுமுணுக்கும் வரிகளும் எனக்கு இன்னும் புதிதாகவே இருக்கின்றன. கிடார் தனியாவர்த்தனத்தில் வேகம் கூடும்போது பைஸ் அவசரப்படாமல் அரைக்கணம் பின்னால் நின்று பிறகு பாய்வதைக் கேட்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அண்ணனிடம் இதைச் சொன்னால், "உனக்குக் காது முற்றிவிட்டது, தம்பி. மனசு காய்ந்துவிட்டது" என்பார்.

'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பற்றி எங்களுக்குள் வேறு விதமான விவாதம். பாட்டின் பின்பாதியில் பிளாக்மோர் கிடாரில் ஒரு துணுக்கு வாசிக்க, கில்லன் அதைத் தொண்டையில் திருப்பிச் சொல்வார். துணுக்குகள் சிறிதாகும், கோணலாகும், உயரும், கடைசியில் நீண்ட ஒரு கூச்சலில் முடியும். பாட்டுக்காரரும் பக்கவாத்திய வயலினும் விளையாடுவது போல இருக்கிறது என்று நான் ஒருமுறை சொல்லிவைத்தேன். அண்ணனின் மருமகள் சிறு வயதில் முறையாக வயலின் கற்றவர். இப்போது ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது எப்படிச் சரியாகும் மாமா? வயலின்காரர் பாடகரைத் தாங்கிப் பிடிப்பார். இந்த மனிதர் பாடகரைக் கவிழ்க்கப் பார்க்கிறார்" என்று மாமனாரைப் பார்த்துச் சொன்னார், பதில் எனக்கு. அதற்குப் பிறகு கேட்டபோது அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது. பிளாக்மோர் கண்ணி வைக்கிறார். கில்லன் சில இடங்களில் மயிரிழையில் தப்புகிறார். அடுத்த ஆண்டே, 1973 ஜூன் 29 அன்று, இதே ஓசாகாவில் கில்லனும் குளோவரும் குழுவோடு கடைசியாக மேடையேறிவிட்டு விலகினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால், விளையாட்டுக்குள் இருக்கும் வினையும் காதில் விழுகிறது.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கிடார் வாங்கும் பையன்கள் எல்லோரும் கடையிலேயே வாசித்துப் பார்ப்பது அதைத்தான். பெங்களூரில் அதிலிருந்து தப்பிக்க முடியாது. 1971 டிசம்பர் 4இல் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரே நகரில் கசினோ எரிந்த கதையைச் சொல்லும் பாட்டு. இந்த ஆல்பத்தில் 15ஆம் தேதி இரவிலிருந்து எடுத்த பாட்டு இது ஒன்றுதான். வரிகள் தீர்ந்த பிறகு ஆர்கனும் கிடாரும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் கடைசி நிமிடங்களுக்காக மட்டும் நான் இதைத் தாண்டிப் போவதில்லை. 'த மியூல்' டிரம்ஸ் தனி. பைஸின் கைவேகத்தில் குறையே இல்லை. ஆனாலும் காபி போட எழுந்து போவேன்.

'லேஸி' டோக்கியோ இரவில் வந்தது. லார்ட் தொடக்கத்தில் ஆர்கனை உறுமவும் இருமவும் விட்டு ஆட்டம் காட்டுவார். அவர் ஹாமண்ட் என்னும் மின்சார ஆர்கனை, ராக் கிடார்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்கள் வழியாக வாசித்தவர். தேவாலயத்துக்கு உரிய வாத்தியம் தகரத்தைக் கிழிக்கும் குரலில் பேசுவது அதனால்தான். பிளாக்மோர் நடுவே சுவீடன் இசையமைப்பாளர் ஹூகோ ஆல்ஃவேனின் 'சுவீடிஷ் ராப்சடி' மெட்டைப் போகிற போக்கில் இழுத்துவிட்டுப் போவார். இப்படிப்பட்ட குறும்புகள் எத்தனை முறை கேட்டாலும் சிரிக்க வைக்கின்றன.

இசைத்தட்டின் நாலாவது பக்கம் முழுவதும் 'ஸ்பேஸ் டிரக்கின்'. ஏறத்தாழ இருபது நிமிடம். ஸ்டுடியோவில் ஐந்து நிமிடம்கூட இல்லாத பாட்டு இது. மேடையில் அதைச் சீக்கிரமே முடித்துவிட்டு, தங்கள் பழைய 'மேண்ட்ரேக் ரூட்' பாட்டின் பின்பகுதியில் வளர்த்த நீண்ட கற்பனைக்குள் இறங்கிவிடுகிறார்கள். லார்டின் வாசிப்பில் ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'ஜூபிடர்' தலைகாட்டும். பிறகு எல்லாம் அடங்கி, பிளாக்மோர் ஒலியளவுத் திருகைச் சுழற்றி, தட்டும் ஓசை இல்லாமல் சுரங்களை மட்டும் மிதக்கவிடுவார். 'ஃபூல்ஸ்' பாட்டில் ஏற்கெனவே செய்த வித்தை, செல்லோ வாசிப்பதைப் போல ஒலிக்கும். முதல் சில ஆண்டுகள் இந்தப் பக்கத்தை நான் போட்டதே அரிது. வெறும் இரைச்சல், நீட்டி முழக்குகிறார்கள் என்று பட்டது. இப்போது ஆல்பத்தில் அதிகம் கேட்பது இதைத்தான். ஐந்து பேரில் யாருக்கும் அடுத்த நிமிடம் எங்கே போகும் என்று முழுதாகத் தெரியாது. ஒருவர் திரும்பினால் மற்ற நால்வர் காதைத் தீட்டிக்கொண்டு கூடவே திரும்புகிறார்கள். மனப்பாடம் செய்ய முடியாததால் கேட்பவனுக்கும் அது தீரவில்லை.

எங்களில் ஒருவருக்கு இந்தப் பாட்டு பல வருடம் பாதியாகவே தெரிந்திருந்தது. அவரிடம் இருந்தது அறுபது நிமிடக் கேசட். மூன்றாம், நாலாம் பக்கங்கள் சேர்ந்து நாற்பது நிமிடம். கேசட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிடம்தான். ஆர்கன் கொதித்துக்கொண்டிருக்கும்போதே டக்கென்று நாடா நின்றுவிடும். முழுப்பாட்டையும் முதன்முதலில் எங்கள் மாடியில் கேட்டுவிட்டு, அந்த வெட்டில் இருந்த வேகம் இதில் இல்லை என்று சாதித்தார். இன்றும் சாதிக்கிறார். நல்ல ரசிகன்தான், என்ன செய்வது?

எந்தப் பதிப்பு நல்லது என்ற கேள்வியில் கூட்டம் இரண்டாகப் பிளக்கும். 1993இல் மூன்று இரவுகளின் பெரும்பகுதியை மூன்று வட்டுகளாக வெளியிட்டார்கள். 1998இல் ஒலி புதுப்பித்து, கச்சேரி முடிவில் வாசித்த கூடுதல் பாட்டுகளைத் தனி வட்டில் சேர்த்தார்கள். 2014இல் பெரிய பெட்டி ஒன்று வந்தது. 2025இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் புதிதாக ஒலிக்கலவை செய்த பதிப்பும் வந்துவிட்டது. அண்ணனின் மருமகளைப் போன்ற இளையவர்களுக்குப் புதிய கலவைதான் பிடிக்கிறது: குளோவரின் பேஸ் கிடார் தெளிவாக நிற்கிறது, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியே பிரித்துக் கேட்கலாம் என்கிறார். அது உண்மைதான். பேஸை உன்னிப்பாகக் கேட்க நானும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் பழைய கலவையில் ஐந்து பேரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். குளோவரும் பைஸும் பிர்ச்சோடு உட்கார்ந்து செய்த கலவை அது. பாட்டுகளுக்கு இடையில் கில்லன், எல்லாவற்றையும் மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வைக்க முடியுமா என்று கேட்பாரே, அந்த வேடிக்கையான வேண்டுகோளைப் பழைய கலவை கிட்டத்தட்ட நிறைவேற்றியே விட்டது. எனக்கு அது போதும்.

மூன்று இரவுகளையும் முழுக்கக் கேட்பது ஒரு முறைக்கு நல்லது. அதே பாட்டு அடுத்தடுத்த நாள் எப்படி மாறியது என்பது தெரியும். 'ஸ்பேஸ் டிரக்கின்' மூன்று இரவும் மூன்று பாட்டு. 'ஹைவே ஸ்டார்' என்றால் 16ஆம் தேதிதான் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. டோக்கியோ இரவுதான் மூன்றிலும் சிறந்தது, ஆல்பத்தில் அதிலிருந்து இரண்டே பாட்டு எடுத்தது அநியாயம் என்று ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சியின் தலைவர் வரும் நாளில் நாங்கள் கொஞ்சம் சீக்கிரமே கலைந்துவிடுவோம். என்னைக் கேட்டால் தேர்ந்தெடுத்தவர்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள். பெட்டி அலமாரியில் இருக்கட்டும்; கைக்கு எட்டும் இடத்தில் ஏழு பாட்டு ஆல்பம் இருக்க வேண்டும்.

எதில் கேட்பது? ஹெட்போனில் ஒரு காதில் ஆர்கன், மறு காதில் கிடார் என்று பிரிந்து நிற்பதால் யார் எப்போது எதை வாசித்தார்கள் என்று சண்டை போட வசதி. பர்ப்பிள் லைன் மெட்ரோவில் அல்சூரில் ஏறி ஒயிட்ஃபீல்டு போய்ச் சேர்வதற்குள் ஆல்பத்தில் பாதி ஓடிவிடும். ரயில் தடத்தின் பெயர்ப் பொருத்தம் இலவசம். ஆனால் ரயில் இரைச்சலில் பிளாக்மோரின் மிதக்கும் பகுதி சுத்தமாகக் காணாமல் போகும். நல்ல ஸ்பீக்கரில், பகலில், பக்கத்து வீட்டார் ஊருக்குப் போயிருக்கும் நாளில் கேட்பதற்கு இணை இல்லை.

2001இல் இதே குழு பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது அண்ணன் போயிருந்தார். கில்லன், லார்ட், குளோவர், பைஸ் நால்வரும் மேடையில் இருந்தார்கள். பிளாக்மோர் இடத்தில் ஸ்டீவ் மோர்ஸ். மோர்ஸ் பெரிய வித்வான், ஆனால் கண்ணி வைக்காதவர் என்பது அண்ணனின் தீர்ப்பு. மருமகள் சொன்ன வார்த்தையை எப்போது தனதாக்கிக்கொண்டார் என்று தெரியவில்லை. லார்ட் 2012இலும் பிர்ச் 2020இலும் காலமானார்கள். இரண்டு முறையும் நாங்கள் கூடிப் போட்டது 'லேஸி'.

குறைகளும் உண்டு. கூட்டத்தின் ஓசை மெலிந்திருக்கிறது. ஜனத்திரளின் ஆரவாரத்துக்காகக் கச்சேரிப் பதிவு கேட்பவர்களுக்கு இது வறட்சியாக இருக்கும். மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகியவர்கள் 'லேஸி'யில் தொடங்கட்டும், 'ஹைவே ஸ்டார்' அடுத்து, நாலாவது பக்கத்தை ஒரு வருடம் கழித்துத் தொடலாம். பழைய இசைத்தட்டாக வாங்குவதாக இருந்தால் விற்பவர் முதல் பக்கத்தின் தொடக்கத்தைப் போட்டுக் காட்டுவதில் மயங்கிவிடாதீர்கள். அதில் சத்தம் எல்லாக் கீறலையும் மூடிவிடும். நாலாவது பக்கத்தில் ஊசியை நடுவில் இறக்கி, கிடார் அடங்கி ஒலிக்கும் அந்த இரண்டு நிமிடத்தைப் போடச் சொல்லுங்கள். அங்கே படபடவென்று பொரிந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள்.