கிருஷ்ணகிரியில ரிமோட் சென்சிங் கோர்ஸ் சேரப்போறீங்களா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், ஏமாந்ததைச் சொல்ல வெக்கமா இருந்ததால தள்ளிப் போட்டுட்டே வந்தேன். போன வாரம் ஜூனியர் பொண்ணு ஒருத்தி "அக்கா அந்த சென்டர்ல சேரட்டுமா, மூணு மாசத்துல வேலையாம்"னு கேட்டா, அதுக்கப்புறமும் வாயை மூடிட்டு இருக்க முடியல. சென்டர் பேரு போடல. பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரம், கீழ மருந்துக்கடை, மாடியில இவங்க, அவ்ளோதான் சொல்வேன். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

நான் எம்எஸ்சி ஜியாலஜி, ஊரு காவேரிப்பட்டணம் பக்கம். ரிமோட் சென்சிங்னா பிளேன்லயோ சாட்டிலைட்லயோ எடுத்த படத்தை வெச்சு நிலத்தைப் படிக்கிறது. ஏரியல் போட்டோ, அதாவது பிளேன்ல இருந்து எடுத்த போட்டோவைப் பாத்து பாறை, ஓடை, பிளவுக் கோடு எல்லாம் படிக்கிறது எங்களுக்கு ஒரு பேப்பர். காலேஜ்ல அது வேகமா ஓடிடுச்சு, சரி வெளிய நல்லா கத்துக்கலாம்னு போனேன். ஃபீஸ் 15,000, அதுக்கு மேல "சாட்டிலைட் டேட்டா சார்ஜ்" 3,500. அப்பா அந்த வருஷம் மாங்கா வித்த காசுல எடுத்துக் கொடுத்தாரு. பில்லு கேட்டதுக்கு கடையில விக்கிற ரசீது புக்குல எழுதி, கீழ "பணம் திருப்பித் தரப்பட மாட்டாது"ன்னு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தாங்க. அங்கயே முழிச்சிருக்கணும். நான் அதை மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டேன்.

மொத வாரம் ஸ்டீரியோஸ்கோப், ரெண்டு லென்ஸ் வெச்ச கருவி. தெரியாதவங்களுக்கு, பிளேன் நேரா பறந்துக்கிட்டே வரிசையா போட்டோ எடுக்கும், ஒரு போட்டோவுல விழுந்த இடத்துல சுமாரா 60 சதவீதம் அடுத்ததுலயும் விழும். அடுத்தடுத்த ரெண்டு போட்டோவை பக்கத்துல வெச்சு, இடது கண்ணு ஒண்ணு வலது கண்ணு ஒண்ணுன்னு அந்த லென்ஸ் வழியா பாத்தா மலை எந்திரிச்சு நிக்கும், பள்ளம் உள்ள இறங்கும். ஒரே இடத்தை ரெண்டு கோணத்துல இருந்து எடுத்ததால வர்ற ஆழம் அது. இங்க கால் மடக்குற சின்ன பாக்கெட் ஸ்டீரியோஸ்கோப் ஒண்ணே ஒண்ணு, பதினோரு பேருக்கு. கீழ ரெண்டு ஜெராக்ஸ். ஒரே கிணறு ரெண்டுலயும் ஆறு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிற மாதிரி வைக்கச் சொன்னாங்க, வெச்சேன், கண்ணு வலிக்கிற வரைக்கும் பாத்தேன். ஒண்ணுமே எந்திரிக்கல. தட்டையா கெடக்குது. சார் வந்து "கண்ணு பழகணும்மா, சில பேருக்கு வரவே வராது"ன்னுட்டு போயிட்டாரு. அது நெஜந்தான், சில பேருக்கு அந்தப் பார்வை அமையாது, அதனால நம்பிட்டேன். ஒரு வாரம் நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு ராத்திரி தூக்கமில்ல, கண்ணாடிக் கடைக்குப் போய் 200 ரூவா கொடுத்து டெஸ்ட் வேற பண்ணேன், பவர் எல்லாம் நார்மல்.

அப்புறம் ஒரு நாள் கரண்ட் போயி எல்லாரும் சும்மா உக்காந்திருந்தப்ப அந்த ஜெராக்ஸோட ஓரத்தைப் பாத்தேன். ஏரியல் போட்டோ ஓரத்துல நம்பர், உயரம் காட்டுற மீட்டர், ஒரு குட்டி கடிகாரம் எல்லாம் சேந்து பதிவாகியிருக்கும். இடது ஜெராக்ஸ்ல கடிகாரம் பத்தே முக்கால் தாண்டி ரெண்டு கோடு. வலதுலயும் அதே பத்தே முக்கால், அதே ரெண்டு கோடு. நொடி முள்ளு கூட அதே இடத்துல. நம்பர் இருந்த மூலையை மட்டும் வலதுல கத்திரிச்சிருந்தாங்க. ஒரே பிளேன் ஒரே நொடியில ரெண்டு இடத்துல இருந்து எப்படிங்க எடுக்கும்? ஒரே போட்டோவை ரெண்டு காப்பி எடுத்து வெச்சிருக்காங்க. பதினோரு பேரும் அதைத்தான் ஒரு வாரமா மொறச்சுப் பாத்துட்டு இருந்தோம், அதுல ரெண்டு பேரு "எனக்கு மலை தெரியுது சார்"னு வேற சொன்னாங்க :)

கேட்டேன். "ப்ராக்டிஸுக்கு இது போதும்மா"ன்னாரு. அப்புறம் காலேஜ் லேப்ல மேடம்கிட்ட கெஞ்சி நெஜ ஜோடி ஒண்ணை மிரர் ஸ்டீரியோஸ்கோப்ல வெச்சுப் பாத்தேன், பத்து செகண்ட் கூட ஆகல, குன்று மூஞ்சிக்கு நேரா எந்திரிச்சு வந்துச்சு. அழுதுட்டேன்னு சொன்னா நம்புவீங்களா.

சார் ஒண்ணு மட்டும் உருப்படியா சொல்லிக்கொடுத்தாரு, இல்லாததைச் சொல்லக் கூடாது. ஃபால்ஸ் கலர் இமேஜ்ல, அதாவது நெஜ நிறத்துக்குப் பதிலா வேற நிறம் கொடுத்த படத்துல, செடி கொடி ஏன் சிவப்பா தெரியுதுங்கிறது. இலை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறைய திருப்பி அனுப்பும், படத்துல அந்த ஒளிக்கு சிவப்பு நிறம் கொடுக்கிறதால வர்றது. கேஆர்பி டேமுக்குக் கீழ பாசன வயல் எல்லாம் செக்கச்செவேல்னு இருக்கிறதை காட்டினாரு. அது நல்ல கிளாஸ்.

ஆனா அடுத்த வாரமே எங்க ஊரு கரடு, அதான் சின்னக் குன்று, அதுல மாட்டிக்கிட்டாரு. லேண்ட்சாட்ங்கிற அமெரிக்க சாட்டிலைட் ஜனவரி மாசம் எடுத்த இமேஜ், அதுல எங்க ஊரை நானே தேடிக் கண்டுபிடிச்சேன், கரடு இருக்க வேண்டிய இடத்துல பெரிய பள்ளம். சார்கிட்ட கேட்டா, "அது கைவிட்ட கிரானைட் குவாரிம்மா, பர்கூர் பக்கம் நிறைய உண்டு"ன்னாரு. சார் அது கரடு, சின்ன வயசுல நான் ஆடு மேச்ச இடம்னு சொன்னேன். "சாட்டிலைட் பொய் சொல்லாதும்மா"ன்னாரு. கிளாஸே சிரிச்சுச்சு. பிரிண்ட்டை வீட்டுக்குக் கொண்டு வந்தேன், அப்பா திண்ணையில உக்காந்து வாங்கிப் பாத்தாரு, தலைகீழா புடிச்சிருந்தாரு. "இதென்னம்மா, நம்ம கரடு"ன்னாரு. எட்டிப் பாத்தேன், நெஜமாவே பள்ளம் மேடாகி நிக்குது.

காரணம் அப்புறம்தான் படிச்சேன். லேண்ட்சாட் நம்ம ஊரைக் கடக்கிறது காலையில பத்து மணி வாக்குல, ஜனவரியில சூரியன் தென்கிழக்குல தாழ்வா இருக்கும், நிழல் வடமேற்கே விழும். வடக்கு மேல இருக்கிற மாதிரி படத்தை வெச்சா வெளிச்சம் கீழ இருந்து வர்ற மாதிரி ஆயிடுது. நம்ம கண்ணு வெளிச்சம் மேல இருந்துதான் வரும்னு பழகினது, அதனால மேட்டைப் பள்ளமாவும் பள்ளத்தை மேடாவும் மாத்திக் காட்டிடும். தெற்கை மேல வெச்சுப் பாத்தா சரியாயிடும். இது இந்தப் படிப்புல ஆனா ஆவன்னா. மூணு மாசத்துக்கு பதினஞ்சாயிரம் வாங்குறவருக்குத் தெரியல, எங்கப்பா எதேச்சையா கண்டுபிடிச்சிட்டாரு.

கடைசி மாசம் ப்ராஜெக்ட்டாம், மாவட்டத்துல மாமரத்தை எண்ணுறது. லேண்ட்சாட் படத்துல ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளி, தரையில 30 மீட்டருக்கு 30 மீட்டர். எங்க தோட்டத்துல மரத்துக்கு மரம் முப்பது அடி, அப்படின்னா ஒரு பிக்சலுக்குள்ள சுமாரா பத்து மரம் அடங்கிடும். எதை எண்ணுறது? தோப்பு எவ்ளோ பரப்புன்னு போடலாம், தலை எண்ண முடியாது. கூகுள் எர்த்ல பாருங்க, மாந்தோப்பு கோலம் போட வெச்ச புள்ளி மாதிரி வரிசையா இருக்கும், தென்னை நட்சத்திரம் மாதிரி விரிஞ்சிருக்கும், அதுல வேணா எண்ணலாம். இதைச் சொன்னதுக்கு "நீ ரொம்ப கேள்வி கேக்குறே"ன்னாரு.

இப்ப அந்த 3,500. இதுதான் எனக்கு இன்னும் எரியுது. "டேட்டா அமெரிக்காவுல இருந்து வாங்குறோம்"னாங்க. கொடுத்த ஃபைலு பேரு எல்சி08ன்னு ஆரம்பிச்சுது, அதாவது லேண்ட்சாட் 8. லேண்ட்சாட் டேட்டாவை 2008ல இருந்தே உலகத்துல யாரு வேணா ஓசியில எடுக்கலாம், 2013ல ஏவின இந்த 8ம் அப்படித்தான், அமெரிக்க அரசோட யுஎஸ்ஜிஎஸ் நடத்துற எர்த் எக்ஸ்ப்ளோரர் வெப்சைட்ல ஒரு அக்கவுண்ட் போதும். ஐரோப்பாவோட சென்டினல் 2 சாட்டிலைட் படம் இன்னும் தெளிவு, ஒரு பிக்சல் 10 மீட்டர், அதுவும் ஃப்ரீ. நம்ம இஸ்ரோவோட புவன் வெப்சைட்லயும் சில டேட்டா எடுக்கலாம். சாஃப்ட்வேர்னு எனக்குப் போட்டுக் கொடுத்தது கிராக் பண்ணது, லேப்டாப்ல வைரஸ் ஏறுனதுதான் மிச்சம், அதே வேலைக்கு க்யூஜிஐஎஸ்னு ஒரு சாஃப்ட்வேர் சும்மா கிடைக்கும்போது. டேராடூன்ல ஐஐஆர்எஸ்னு இருக்கு, 1966ல போட்டோ இன்டர்ப்ரடேஷன், அதான் ஏரியல் போட்டோவைப் படிக்கிறதை, சொல்லிக்கொடுக்கவே ஆரம்பிச்ச இடம், இப்ப இஸ்ரோவுக்குக் கீழ. அவங்களே ஆன்லைன்ல இலவச கோர்ஸ் நடத்துறாங்க, சர்டிபிகேட்டும் உண்டு. எனக்கு மாடியில கொடுத்த சர்டிபிகேட்ல ராக்கெட் படம் மட்டும் பெருசா இருக்கு, எந்த யுனிவர்சிட்டி பேரும் இல்ல. இன்டர்வியூல காட்டினேன், அந்தம்மா திருப்பிப் பாத்துட்டு மேஜையில கவுத்து வெச்சுட்டாங்க.

பணம் திருப்பிக் கேட்டேன், ரசீதுல ஸ்டாம்ப்பைக் காட்டினாங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டு கம்ப்ளைன்ட் பதிஞ்சேன், அதுக்கப்புறம் டேட்டா சார்ஜ்ல 2,000 மட்டும் ஜிபேல வந்துச்சு, கூடவே "இதோட முடிச்சுக்கோங்க"ன்னு ஒரு மெசேஜ். மீதி வரல. அந்த ரெண்டு ஜெராக்ஸையும் ரசீதையும் ஃபைல் போட்டு வெச்சிருக்கேன், யாருக்காவது கேஸுக்கு வேணும்னா தரேன்.

அந்த ஜூனியர் பொண்ணு அனுப்பின நோட்டீஸைப் பாத்தா இப்ப "ட்ரோன் அகாடமி"யாம். 15 நாள்ல பைலட் லைசென்ஸ், 40,000. ட்ரோன் பைலட் சர்டிபிகேட், மத்திய அரசோட விமானப் போக்குவரத்து அமைப்பான டிஜிசிஏ அனுமதி கொடுத்த ட்ரெய்னிங் இடத்துல முடிச்சாதான் செல்லும், அந்த லிஸ்ட்டுல போய் தேடிப் பாத்தேன், இவங்க பேரு இல்ல. நோட்டீஸ் அடியில இருக்கிறது அதே போன் நம்பர்தான்.