18,000 ரூபாய் ஸ்பீக்கர் ஒயர்: நான்கு வருடம் கேட்டபின்

2021 தீபாவளிக்கு பெங்களூரு அல்சூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் வாங்கினேன். பணம் கட்டும்போது ஷோரூமில், "இவ்வளவு செலவு பண்ணிட்டு சாதா ஒயர்ல கட்டினா ஸ்பீக்கர் முழுசாப் பாடாது சார்" என்றார்கள். பக்கத்துக்கு மூன்று மீட்டர், நுனிகளில் தங்க முலாம் பூசிய பனானா பிளக், விலை 18,000 ரூபாய். வாங்கிவிட்டேன். அந்த ஒயர் இன்றும் வீட்டில் இருக்கிறது. இப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக, இதுவரை கேட்டதையும் அளந்ததையும் எழுதுகிறேன்.

முதல் வருடம் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. தம்புராவின் ரீங்காரம் அறை முழுக்க நின்றது. மிருதங்கத்தில் தொப்பியின், அதாவது இடது பக்கத்தின், கும்காரம் அடிவயிற்றில் கேட்டது. ஒயர் பழக 200 மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள், ஒரு மாதம் போனதும் சத்தம் இன்னும் இனிமையாகிவிட்டதாகவே நம்பினேன். ஆனால் ஆம்ப் புதிது, ஸ்பீக்கரும் புதிது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒயர் என்னிடம் இல்லை.

அடுத்த வருடம் ஓசூரிலிருந்து மச்சான் வந்திருந்தான். வயரிங் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். விலையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மாமா, வீட்டுக்கு இழுக்கிற ரெண்டரை ஒயரும் செம்புதானே? ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாம்" என்றான். பெங்களூரின் எலக்ட்ரிகல் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு போய் 2.5 ஸ்கொயர் எம்.எம். மல்டி ஸ்ட்ராண்ட் (பல மெல்லிய இழைகள் சேர்ந்த) ஒயர், சிவப்பும் கருப்புமாக 12 மீட்டர் வாங்கினோம். ஏறக்குறைய 500 ரூபாய். இரண்டு ஒயரின் நுனியையும் டிரில் மெஷினின் சக்கில் மாட்டி, மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொல்லி மெதுவாகச் சுற்றவிட்டான். ஒரே நிமிடத்தில் ஜடை பின்னினது போல அழகான ஸ்பீக்கர் ஒயர் வந்துவிட்டது.

போகும்போதே ஆறு கால் உள்ள ஒரு டாகிள் சுவிட்சும் வாங்கியிருந்தோம். இரண்டு ஒயரையும் ஆம்பில் கட்டி, ஸ்பீக்கர் பக்கம் சுவிட்ச் வழியாகக் கொடுத்தால், தட்டின நொடியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடும். இந்த வேகம் முக்கியம். ஒயரைக் கழற்றி மாட்டி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், முன்னால் கேட்ட நுணுக்கம் மனதில் நிற்காது. மச்சான் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தான். நாணயம் சுண்டி எந்த ஒயர் என்று முடிவு செய்வான், சுவிட்ச் சத்தத்தை வைத்து நான் கண்டுபிடிக்காதபடி நாலைந்து தடவை டக் டக்கென்று தட்டிவிட்டு நிறுத்துவான். நான் சொல்வதை நோட்டில் குறித்துக்கொள்வான். தம்புரா, வீணை, நாதஸ்வரம், தவில் என்று எனக்கு மனப்பாடமான பதிவுகளாகவே போட்டோம். 20 தடவையில் 11 சரி. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தாலும் பத்து சரியாக வந்திருக்கும். வித்தியாசம் உண்மையிலேயே கேட்கிறது என்று சொல்ல 15ஆவது வந்திருக்க வேண்டும். மனைவியும் உட்கார்ந்து கேட்டாள், அவளுக்கு 9.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பில் ஒரு மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 0.007 ஓம். மூன்று மீட்டர், போக வர ஆறு மீட்டர், மொத்தம் 0.04 ஓம். என் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் 4.8 ஓம் காட்டுகிறது. உள்ளே இருக்கும் வாய்ஸ் காயில் என்ற சுருளே மீட்டர் கணக்கில் சுற்றிய மெல்லிய கம்பிதான். அந்த 4.8க்கு முன்னால் இந்த 0.04 எந்த மூலைக்கு? அதிக அதிர்வெண்ணில் மின்சாரம் கம்பியின் மேற்பரப்பில் மட்டும் ஓடும் என்ற ஸ்கின் எஃபெக்டைச் சொல்லி பயமுறுத்துவார்கள். 20,000 ஹெர்ட்ஸிலும் மின்சாரம் ஓடும் அந்த ஆழம் செம்பில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, இந்தத் தடிமனில் அது ஒரு பொருட்டே இல்லை. 2007இல் ஜேம்ஸ் ராண்டி என்ற அமெரிக்க மேஜிக் நிபுணர், 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிள் ஒன்றைச் சாதாரண நல்ல கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டுகிறவருக்கு 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

அதற்காக எந்த ஒயரும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். 2023இல் ஹொரமாவு வீட்டுக்கு மாறினோம். நீள ஹால். ஆம்ப் ஒரு மூலையில், ஸ்பீக்கர் மறு கோடியில், சுவரோரமாக இழுத்தால் பக்கத்துக்கு ஒன்பது மீட்டர். அவசரத்துக்கு "காப்பர் ஸ்பீக்கர் ஒயர்" என்று எழுதின ஒரு மெல்லிய ட்ரான்ஸ்பரன்ட் ஒயரை வாங்கிப் போட்டேன். அன்றைக்கே சத்தம் வாடிவிட்டது. தொப்பியின் கும்காரம் குழைந்து, வால்யூமை இரண்டு கோடு ஏற்ற வேண்டியிருந்தது. நுனியைப் பிளேடால் மெல்லச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி வெள்ளையாக அலுமினியம்! ஒரு முனையில் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி மறுமுனையில் அளந்தேன். மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடையைக் கழித்த பிறகும் 0.7 ஓமுக்குப் பக்கம். அமெரிக்காவின் மெக்கின்டாஷ் ஆடியோ நிறுவனத்தில் ஸ்பீக்கர்களை வடிவமைத்த ரோஜர் ரஸ்ஸல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஒயரின் தடை ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் ஸ்பீக்கர் 6 ஓம் ரகம் (மீட்டர் காட்டிய 4.8 நேர்மின்சாரத் தடை மட்டும்), அதற்கு இது 0.3. பழைய எஸ்.பி. ரோடு ரகத்திலேயே புதிதாக இழுத்தேன், 0.12தான் வந்தது, தொப்பி திரும்பி வந்தது. இது மனப்பிரமை இல்லை. மனைவியே சமையலறையிலிருந்து, "இப்பதான் பழைய மாதிரி கேக்குது" என்றாள்.

சுரண்டிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளியே வெள்ளையாக இருந்து சுரண்டினால் செம்பு தெரிந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல ஒயர்தான், திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

18,000 ரூபாய் ஒயரில் இரண்டு மழைக்காலம் முடிந்தபோது கண்ணாடி போன்ற உறைக்குள் செம்பு பச்சையாகிவிட்டது. பார்க்கத்தான் மனது கஷ்டப்பட்டது, சத்தம் மாறவில்லை. வலது ஸ்பீக்கரில் ஒரு தடவை கரகரப்பு வந்தது, அது முனைத் திருகு தளர்ந்ததால். இப்போது வருடத்துக்கு ஒருமுறை, ஆம்பை அணைத்துவிட்டு, நுனியில் ஓர் அங்குலம் வெட்டிப் புதிதாக உரித்து இறுக்குகிறேன். ஒரு நூலிழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்பே போய்விடும், அந்த நேரத்தில் அவசரப்படக் கூடாது.

இந்த ஹாலில் உண்மையான மாற்றத்தைக் கொடுத்தது வேறு. பளபளவென்று விட்ரிஃபைட் டைல்ஸ், வெறும் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். கை தட்டினால் எதிரொலிக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமுக்காளத்தை ஸ்பீக்கருக்கு முன்னால் இரண்டாக மடித்து விரித்தேன், ஜன்னலுக்குக் கனமான திரை தைத்தேன், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் நகர்த்தினேன். பாடுகிறவரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. திரைக்கு 4,000 ரூபாய் ஆனது, மற்றதற்குச் செலவே இல்லை.

பழைய ஒயரைப் படுக்கையறையில் சின்ன ஸ்பீக்கருக்குப் போட்டிருக்கிறேன். நல்ல தடிமனான செம்பு, இன்னும் பல வருடம் வரும். ஆபீஸில் உடன் வேலை செய்கிற தம்பி ஒருவன் முதல் செட் வாங்கியிருக்கிறான், அவனிடமும் ஷோரூமில் அதே பேச்சைப் பேசியிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் எஸ்.பி. ரோடு போகிறோம். பிளேடையும் மீட்டரையும் இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.